டானல் தாமஸும் எலும்பு மஜ்ஜையும்

மனிதவுடலின் உறுப்புக்களுள் ஓய்வென்பதை அறியாதது யாதென வினவின், பெரும்பாலோர் இருதயமென விடையிறுப்பர். அவ்விடை தவறன்று. ஆயின் இருதயத்திற்கு எள்ளளவும் குறையாத உழைப்பை, ஓசையும் துடிப்பும் இன்றி, எலும்பினுள் மறைந்திருந்து ஆற்றிவரும் பொருளொன்று உண்டு. அதுவே மஜ்ஜை. ஆட்டெலும்பை உடைத்து உறிஞ்சியவர் அதன் சுவையை அறிவர். அதன் தொழிலை அறிந்தவர் சிலரே.

நம் இரத்தத்தில் மிதந்து செல்லும் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். காயம்பட்ட இடத்தில் இரத்தத்தை உறையச்செய்யும் தட்டணுக்கள் ஒரு வாரம் பத்து நாளில் மாய்வன. கிருமிகளோடு பொருதும் வெள்ளணுக்களுட் பெரும்பாலானவை ஒரு நாள் முழுதும் வாழ்வதே அரிது. இங்ஙனம் அழிந்தொழியும் அணுக்களுக்கு ஈடாக ஒவ்வொரு நாளும் புதியன பிறந்தாக வேண்டுமன்றோ? வளர்ந்த மனிதனொருவன் உடலில் சிவப்பணுக்கள் மட்டுமே நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி உண்டாகின்றன எனக் கணக்கிட்டுள்ளனர். இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முள்ளெலும்பு, விலாவெலும்பு ஆகியவற்றின் உட்புழைகளே இத்துணைப் பெரிய உற்பத்திச்சாலை.

இவ்வுற்பத்திக்கு முதலாக நிற்பன ஒருவகை அணுக்கள். ஸ்டெம் செல் என உலகம் வழங்கும் அவற்றைக் குருத்தணு என நாம் அழைக்கலாம். உழவன் விளைந்த நெல் முழுவதையும் உண்டுவிடுவதில்லை. ஒரு பங்கை விதைக்கெனக் கோட்டைகட்டி வைக்கிறான். குருத்தணுக்களின் இயல்பும் அத்தகையதே. அவை பெருகுங்கால் ஒரு பங்கு தன்னினத்துக் குருத்தணுவாகவே எஞ்சி நிற்க, மற்றொரு பங்கு படிப்படியாக முதிர்ந்து சிவப்பணுவாகவும் வெள்ளணுவாகவும் தட்டணுவாகவும் உருப்பெறும். விதை உள்ளவரை விளைச்சலுக்குக் குறைவில்லை. விதை அழியின் வயல் தரிசே.

இத்தகைய அணு உண்டென்று சோதனையால் நிலைநாட்டியவர், கனடா தேசத்து டொராண்டோ நகரில் பணியாற்றிய எர்னஸ்ட் மெக்கல்லக் என்னும் மருத்துவரும் ஜேம்ஸ் டில் என்னும் பௌதிக அறிஞருமாவர். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த சுண்டெலிகளின் இரத்தக் குழாயில் வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தி, பத்து நாள் சென்றபின் அவற்றின் மண்ணீரலை நோக்கியபோது, அதன்மேல் சிறு சிறு முடிச்சுகள் எழுந்திருக்கக் கண்டனர். மஜ்ஜையின் அளவு மிக, முடிச்சுகளின் தொகையும் அதே விகிதத்தில் மிகுந்தது. 1961-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். ஒவ்வொரு முடிச்சும் ஒரே அணுவின் வழித்தோன்றல் என்பதும் 1963-ல் மெய்ப்பிக்கப்பட்டது. செலுத்திய அணுக்களில் ஏறக்குறைய 10,000-க்கு ஒன்றே இவ்வாற்றல் உடையதாய் இருந்தது.

எனினும் இக்கட்டுரைக்குரிய அறிஞர் அவ்விருவருள் ஒருவரல்லர். விதை இன்னதென்று எவரும் சுட்டிக் காட்டுவதற்கு முன்பே அதனை ஓருடலிலிருந்து எடுத்து மற்றோருடலில் நட முயன்றவர் அவர். அமெரிக்க மருத்துவராகிய எட்வர்டு டானல் தாமஸ் என்பது அவர் பெயர். நட்ட நாற்றெல்லாம் கருகிப்போன காலத்தில் அவர் என் செய்தார் என்பதே நாம் கருதிப் பார்க்கத்தக்கது.

மஜ்ஜை கெடுமாயின் விளையும் துன்பங்கள் பலவகை. விதையே வற்றிப்போதல் ஒன்று. அப்போது மூவகை அணுக்களும் குன்ற, நோயாளி சோகையாலும் இரத்தக்கசிவாலும் சுரத்தாலும் நலிவான். லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோயிலோ களை மண்டிய வயல்போல் முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகி, நல்லணுக்களுக்கு இடமில்லாமற் செய்துவிடும். தலசீமியா, அரிவாளணுச் சோகை என்பன பிறவியிலேயே வருவன. இவற்றில் விளைச்சல் உண்டு. ஆனால் விளைவது பதர். சிவப்பணுவின் உட்பொருளாகிய ஹீமோகுளோபின் பழுதுபட்டிருத்தலே காரணம். தலசீமியா முற்றிய வடிவில் வாய்த்த குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியாக வேண்டும். அவ்விரத்தத்தின் இரும்பு நாளடைவில் ஈரலிலும் இருதயத்திலும் படிந்து வேறு கேடு விளைக்கும்.

தாமஸ் 1920-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள் டெக்ஸாஸ் மாகாணத்தில் மார்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் மருத்துவர். அவர் படித்த உயர்தரப் பள்ளியின் வகுப்பில் பதினைந்து பேரளவே இருந்தனராம். அச்சிறு கூட்டத்திலும் தாம் சிறந்த மாணாக்கராய் விளங்கவில்லை என்று தாமே எழுதிவைத்துள்ளார். தேர்வு முடிவு வெளியாகும் மாதத்தில் நம் மாணவர்க்கு இச்செய்தி சிறிது ஆறுதல் அளிக்கக்கூடும். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்று 1941-ல் பட்டமும் 1943-ல் மேற்பட்டமும் பெற்றார். பொருளாதாரம் நலிந்திருந்த அக்காலத்தில் கிடைத்த சிறு வேலைகளைச் செய்தே கல்விச் செலவைத் தாங்கினார். டெக்ஸாஸில் பனி பெய்வது அரிது. 1940-ஆம் ஆண்டில் அங்ஙனம் பனி பெய்த ஒரு நாளில் மாணவியொருத்தி எறிந்த பனியுருண்டை இவர் முகத்தில் பட்டது. அம்மாணவியே பின்னர் இவர்தம் வாழ்க்கைத் துணைவியாகிய டாரதி. அவ்வம்மையாரைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கிறது.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பயின்று 1946-ல் மருத்துவப் பட்டம் பெற்ற தாமஸ், பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகம் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அங்கே அவருடன் பணிபுரிந்து நண்பரானவர் ஜோசப் மரே என்னும் அறுவை மருத்துவர். 1954-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு கருவில் தோன்றிய இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தி வெற்றிகண்டவர் இந்த மரேயே. ஓருடலின் உறுப்பு மற்றோருடலில் உயிர்வாழும் என்பது அன்று உறுதியாயிற்று. ஆயின் இருவரும் ஒரே கருவின் பிளவாயிருந்தமையாலேயே அது கைகூடிற்று.

மஜ்ஜையை மாற்றலாம் என்னும் எண்ணம் எழுந்த வரலாறும் அறியத்தக்கது. 1945-ல் ஜப்பான் தேசத்து நகரங்கள் இரண்டின்மீது அணுகுண்டு வீழ்ந்தபின், கதிர்வீச்சு உடலை எவ்வாறு கொல்லுகிறதென ஆராயப் பலர் முற்பட்டனர். கதிர்வீச்சுக்கு உடலில் முதலில் இரையாவனவற்றுள் மஜ்ஜையும் ஒன்றெனத் தெரியவந்தது. 1949-ல் லியான் ஜேக்கப்சன் என்பார், மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மூடிப் பாதுகாத்த எலிகள் கொல்லத்தக்க கதிரினின்றும் பிழைத்தன எனக் காட்டினார். 1951-ல் எகான் லாரென்ஸும் அவர்தம் துணைவரும் கதிரடிபட்ட எலிக்கு மஜ்ஜையைக் குழாய்வழிச் செலுத்தினாலும் அது பிழைக்குமென நிறுவினர். இதனைப் படித்த தாமஸுக்குத் தோன்றிய எண்ணம் எளியது. லுக்கேமியா நோயாளியின் மஜ்ஜை முழுவதையும், களையும் பயிரும் சேரக் கதிரால் அழித்துவிட்டு, நலமுடையார் ஒருவரது மஜ்ஜையை அவ்வெற்று நிலத்தில் நட்டால் என்ன?

1955-ல் அவர் நியூயார்க் மாகாணத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரிலிருந்த மேரி இமொஜின் பாசெட் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே ஜோசப் ஃபெரபீ என்பாருடன் சேர்ந்து மனிதரிடத்தில் இச்சிகிச்சையைத் தொடங்கினார். 1957-ல் வெளிவந்த முதலறிக்கையில் ஆறு நோயாளிகளின் வரலாறு உள்ளது. மஜ்ஜையைச் சிரைவழிச் செலுத்துதலால் உடனடித் தீங்கு இல்லையென்பது விளங்கிற்று. இருவரிடத்தில் அது சிறிது காலம் வேர்கொண்ட குறியும் தென்பட்டது. ஆயின் 100 நாளுக்குமேல் வாழ்ந்தவர் ஒருவருமிலர்.

1959-ல் லுக்கேமியா கண்ட இரு குழந்தைகளுக்கு, அவர்தம் இரட்டையரின் மஜ்ஜை செலுத்தப்பட்டது. அது நன்கு வேரூன்றியது, நோய் மறைந்தது, சில மாதத்தில் மீண்டும் தோன்றியது. கதிருக்குத் தப்பிய ஒருசில களைவித்துக்கள் மீண்டும் முளைத்துவிட்டன.

இரட்டையர் அல்லாதாரிடத்தோ இடர் இன்னும் கொடிது. பிறர் சிறுநீரகத்தைப் பெற்ற உடல் அதனைப் பகையென விலக்கும். இஃது ஒருவழிப் போர். மஜ்ஜையில் போர் இருவழிப்பட்டது. பெற்றவன் உடல் அதனை விலக்கக்கூடும் என்பதோடு, வந்த மஜ்ஜையிலிருந்து பிறக்கும் வெள்ளணுக்களும் தாம் புகுந்த உடல் முழுவதையும் அயலென எண்ணித் தாக்கும். தோல் கொப்புளித்து உரியும். ஈரல் கெட்டுக் காமாலை காணும். குடல் புண்ணாகி இடையறாது பேதியாகும். புகலிடம் பெற்றவன் அவ்வீட்டுக்கே தீவைத்தாற்போன்ற இந்நிலையை ஒட்டுமஜ்ஜைப் பகை என்று கூறலாம். எலிகளிடத்தில் இதனைப் பிறர் முன்னரே கண்டிருந்தனர். மனிதரிடத்தில் அது கொடுமையின் உச்சியாயிருந்தது.

அக்காலத்தில் இச்சிகிச்சையைப் பல தேசத்தாரும் முயன்றனர். 1958-ல் யூகோஸ்லாவியாவின் வின்சா அணு ஆராய்ச்சி நிலையத்தில் விபத்துக்குள்ளான அறிவியலாளர்க்குப் பாரிஸ் நகரில் ஜார்ஜ் மாத்தே மஜ்ஜை செலுத்திய செய்தி உலகெங்கும் பரவியது. ஆயின் நாட்கள் செல்லச்செல்ல நம்பிக்கை தேய்ந்தது. மார்ட்டிமர் போர்ட்டின் என்பார் அதுகாறும் வெளிவந்த அறிக்கைகளைத் திரட்டி 203 நோயாளிகளின் வரலாற்றை 1970-ல் தொகுத்தளித்தார். அத்தொகுப்பில் உயிரோடிருந்தவர் விரல்விட்டெண்ணத் தக்கவரே. வேறு வேறு மனிதரிடையே மஜ்ஜை மாறுதல் இயற்கைக்கே ஒவ்வாதது என எண்ணி, ஆராய்ச்சியாளருட் பெரும்பாலோர் அத்துறையை விட்டு அகன்றனர்.

தாமஸ் அகலவில்லை. ஆனால் நோயாளியின் படுக்கையருகே நின்று மீண்டும் மீண்டும் அதே முயற்சியைச் செய்துகொண்டிருக்கவும் இல்லை. இதுவே அவர் வரலாற்றில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம். தோல்வியைக் கண்டு ஓடுவாரும் உலகில் பலர்; தோல்வியைக் காண மறுத்து முட்டிமோதுவாரும் பலர். இவர் மனிதரிடத்தில் அயலார் மஜ்ஜையைச் செலுத்துவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டு, நாய்களிடத்துத் திரும்பினார். அடுத்த பத்தாண்டின் பெரும்பகுதி நாய்க்கொட்டிலில் கழிந்தது. பெயரும் புகழும் தேடுவார் செய்யும் செயலன்று அது.

எலியை விட்டு நாயைக் கொண்டமைக்குத் தக்க காரணமுண்டு. ஆய்வுக்கூடத்து எலிகள் பல தலைமுறையாகத் தம்முள்ளேயே இனம்பெருக்கப்பட்டு ஒன்றுபோல் ஒன்று இருப்பன. அவற்றிடத்துக் கண்ட வெற்றி மனிதனிடத்துப் பலிக்குமென்று கொள்வதற்கில்லை. நாய்களோ மனிதரைப்போலவே பலதிறப்பட்டன. மேலும், நாய் ஓரீற்றில் பல குட்டிகளை ஈனுமாதலின், உடன்பிறப்புக்களை ஒப்புநோக்குதல் எளிதாகும். கொல்லத்தக்க கதிரைச் செலுத்தியபின் அந்த நாயின் மஜ்ஜையையே முன்னரே எடுத்துவைத்துத் திருப்பிச் செலுத்தினால் அது பிழைத்தது. அயல் நாயின் மஜ்ஜையாயின் பெரும்பாலும் மடிந்தது. மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்தைச் சிகிச்சைக்குப்பின் சிறிது சிறிதாகக் கொடுத்துவரின் ஒட்டுமஜ்ஜைப் பகை தணிவதைக் கண்டனர். ஈற்றுடன்பிறப்புக்களுள் சில இணைகள் மட்டும் மருந்தின் துணையோடு நெடுநாள் இனிது வாழ்ந்தன. ஏனையவை அங்ஙனம் வாழாமைக்குக் காரணம் யாது?

அவ்வினாவுக்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. பிரான்சு தேசத்து ஜான் டோசே 1958-ல் மனித வெள்ளணுக்களின் மேலுள்ள அடையாளப் பொருள்களுள் முதலாவதை விவரித்திருந்தார். ஒவ்வொரு மனிதனும் தன் அணுக்களின்மேல் அணிந்திருக்கும் குலக்குறி போன்றன இவை. தாய்வழி ஒரு தொகுதியும் தந்தைவழி ஒரு தொகுதியும் வருவதால், உடன்பிறந்தார் இருவரது குறிகள் முற்றிலும் ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நாய்களுக்கும் இத்தகைய குறிகள் உளவென்று காட்டி, அவற்றைப் பிரித்தறியும் முறையையும் தாமஸும் அவர்தம் துணைவரும் வகுத்தனர். அத்துணைவருள் தலைசிறந்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த ரெய்னர் ஸ்டார்ப். 1968-ல் வெளிவந்த அவர்தம் ஆராய்ச்சியால், குறி ஒத்த உடன்பிறப்பின் மஜ்ஜையைப் பெற்ற நாய்களே நிலைத்து வாழ்ந்தன என்பது ஐயமறத் தெளிந்தது. அதே ஆண்டில் மினியாபொலிஸ் நகரில் ராபர்ட் குட் என்பார், பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஆற்றல் இல்லாத ஒரு குழந்தைக்கு உடன்பிறந்தாள் மஜ்ஜையால் வாழ்வளித்தார்.

நாய்களை இங்ஙனம் வருத்தலாமோ என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா இழிவானதன்று. அந்நாய்கள் இறவாதிருந்தால் அவ்விறப்பு யாருடையதாய் இருந்திருக்கும் என்பதையும் உடன் எண்ணல் வேண்டும். போர்ட்டினுடைய 203 பேர் கணக்கு அதற்கு விடை சொல்லும்.

1963-ஆம் ஆண்டிலேயே தாமஸ் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகருக்குக் குடிபெயர்ந்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்திருந்தார். 1969-ல் குறி ஒத்த உடன்பிறந்தார் மஜ்ஜையைக் கொண்டு மனிதரிடத்தில் அம்முயற்சியை மீண்டும் தொடங்கினார். சிகிச்சையின் முறை வருமாறு. நோயாளிக்கு முதலில் கடுமருந்தும், பின் உடல் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 ராட் அளவு கதிரும் கொடுக்கப்படும். அதிற் பாதியளவே, பிற உதவியின்றேல் ஒருவரைக் கொல்லப் போதுமானது. பின்னர் மஜ்ஜை கொடுப்பவரை மயக்கத்தில் ஆழ்த்தி, இடுப்பெலும்பில் ஊசியைப் பல இடத்திற் செருகி, அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை மஜ்ஜை கலந்த இரத்தம் உறிஞ்சப்படும். முதுகுத்தண்டினின்றும் எடுப்பர் என்றும் அதனால் கைகால் முடங்குமென்றும் மக்கள் அஞ்சுவது பிழை. கொடுத்தவர்க்குச் சில நாள் இடுப்புவலி இருக்கும். சில வாரத்தில் மஜ்ஜை தானே நிரம்பிவிடும்.

எடுத்த மஜ்ஜையை வடிகட்டி, சாதாரண இரத்தம் ஏற்றுவது போலவே கைச்சிரையில் ஏற்றுவர். எலும்பைத் துளைத்து உள்ளே வைப்பதில்லை. குருத்தணுக்கள் இரத்தவழிச் சென்று, தமக்குரிய எலும்புப் புழையைத் தாமே நாடி அடைந்து தங்குகின்றன. தம் மனை அறிந்து திரும்பும் மாட்டினும் இது வியப்புடைத்து!

அதன்பின் வருவது காத்திருப்பு. இரண்டு முதல் நான்கு வாரம்வரை நோயாளியின் உடலில் வெள்ளணு இல்லை, தட்டணு இல்லை. வாயெல்லாம் புண். காற்றில் வரும் அற்பக் கிருமியும் உயிர்க்கு இறுதி. தனியறை, கிருமிக்கொல்லி மருந்துகள், பிறரிடமிருந்து பெற்ற தட்டணு ஆகியவற்றால் அவ்விடைவெளியைக் கடத்தல் வேண்டும். இரவும் பகலும் விழித்திருந்து காத்த செவிலியரின்றி இச்சிகிச்சை ஒரு நாளும் நடந்திராது. ஒரு நாட்காலை இரத்தத்தை எண்ணிப் பார்க்குங்கால் வெள்ளணுக்கள் சில நூறு தோன்றியிருக்கும். நாற்று வேர்பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

அவர்தம் ஆராய்ச்சி 1975-ல் திறக்கப்பெற்ற ஃபிரெட் ஹச்சின்சன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்திற்கு மாறியது. 1977-ல் வெளியான அறிக்கையொன்று இத்துறையில் நிலையான இடம் பெற்றுள்ளது. வேறெவ்வகைச் சிகிச்சையாலும் பயனில்லையெனக் கைவிடப்பட்ட லுக்கேமியா நோயாளிகள் 100 பேருக்கு மஜ்ஜை மாற்றினர். அவருள் 13 பேர் ஓராண்டு முதல் நாலரை ஆண்டுவரை நோயின்றி வாழ்ந்துகொண்டிருந்தனர்.

நூற்றுக்குப் பதின்மூன்று! பரீட்சையில் இவ்வெண்ணைப் பெற்ற மாணவனை நாம் என் சொல்வோம்? ஆயின் சிகிச்சை செய்யாதிருந்தால் அந்நூற்றுவரும் இறந்திருப்பர் என்பதை மறத்தலாகாது. அதேபோல், ஏனைய 87 பேர் தம் இறுதி நாட்களைக் கடுந்துயரில் கழித்தனர் என்பதையும் மறைத்தலாகாது. தாமஸ் இரண்டையும் மறைக்கவில்லை. இறந்தார் தொகையையும் காரணத்தையும் ஒளிக்காமல் அச்சிட்டார். நோய் முற்றி உடல் நலிந்தபின் செய்வதே தோல்விக்குக் காரணமோவென ஐயுற்று, மருந்தால் நோய் முதன்முறை தணிந்திருக்கும் வேளையிலேயே மஜ்ஜை மாற்றிப் பார்த்தார். 1979-ல் வெளிவந்த அவ்வறிக்கையில் பாதிக்கும் மேற்பட்டோர் நோய் நீங்கி வாழ்ந்தனர். மருந்து வேலைசெய்து ஓரளவு நலமாயிருக்கும் ஒருவரை இத்துணை அபாயத்திற்கு உட்படுத்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! முன்னைய பதின்மூவரின் வாழ்வே அத்துணிவுக்கு ஆதாரம்.

அதே ஆண்டில் சியாட்டிலிலிருந்து மற்றொரு வியத்தகு செய்தியும் வெளிவந்தது. ஒட்டுமஜ்ஜைப் பகையால் ஓரளவு துன்புற்றவரிடத்தில் லுக்கேமியா மீண்டும் தோன்றுதல் குறைந்திருந்தது. உடலைத் தாக்கும் அவ்வயல் வெள்ளணுக்களே எஞ்சிய புற்றணுக்களையும் தேடி அழித்தன. இரட்டையர் மஜ்ஜை பெற்ற குழந்தைகளிடம் நோய் திரும்பியதன் காரணத்தில் ஒரு பகுதி இப்போது விளங்கிற்று: அங்கே பகையில்லை, ஆதலின் காவலுமில்லை. இருபதாண்டுக் காலம் ஒழித்துக்கட்ட முயன்ற எதிரியைச் சிறிதளவு வைத்துக்கொள்ளவும் வேண்டும் என்றாயிற்று. எவ்வளவு வைப்பது என்பதே இத்துறையாரை இன்றுவரை வருத்தும் சிக்கல்.

உடன்பிறந்தாரில்லாதவர் என் செய்வது? 1979-ல் சியாட்டிலில் பத்து வயதுச் சிறுமியொருத்திக்கு, உறவினரல்லாத ஒருவரின் மஜ்ஜை செலுத்தப்பட்டது. குறி ஒத்திருந்த அந்த அயலார் அந்நிலையத்திலேயே பணிபுரிந்தவர் என்பது தற்செயலான பேறு. மஜ்ஜை நன்கு ஏற்றது. பின்னர் லுக்கேமியா மீண்டு அச்சிறுமி மறைந்தாள் எனினும், அயலாரும் உதவலாம் என்பது தெளிந்தது. இன்று கொடையாளர் பதிவேடுகள் பல தேசங்களில் உள்ளன. சென்னையிலும் தாத்ரி என்னும் பதிவேடு 2009 முதல் நடைபெற்றுவருகிறது. இக்காலத்தில் பெரும்பாலும் எலும்பில் ஊசி செருகுவதும் இல்லை. சில நாள் ஊசிமருந்து கொடுத்துக் குருத்தணுக்களை இரத்தத்திற்கு வரச்செய்து, கைச்சிரையிலிருந்து பொறியின்வழிப் பிரித்தெடுக்கின்றனர்.

இனி டாரதி அம்மையார். பத்திரிகைத் தொழிலுக்கெனக் கற்ற அவர், கணவர் மருத்துவம் பயின்ற காலத்தில் தம் துறையை விட்டு ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்றார். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஆய்வுக்கூடத்தில் இரத்தம் சோதித்தார். பின் பல்லாண்டு ஆராய்ச்சிக்குரிய பணவிண்ணப்பங்களையும் கணக்கையும் ஏற்று நடத்தினார். அங்கிருந்து வெளிவந்த கட்டுரைகளைத் திருத்திச் செம்மைசெய்தவரும் அவரே. தாமஸை மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் தந்தை என்றால், அம்மையாரை அதன் தாய் என உடன்பணியாளர் அழைத்தனர். பரிசுப் பட்டயங்களில் அவர் பெயர் இல்லை. அவர் 2015-ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார்.

புற்றுநோய்க்கென வகுத்த முறை பிறவி இரத்தநோய்களுக்கும் பயன்பட்டது. தலசீமியா கண்ட குழந்தையொன்றை மஜ்ஜை மாற்றிக் குணப்படுத்திய செய்தியைச் சியாட்டில் குழுவினர் 1982-ல் வெளியிட்டனர். அந்நோய் மிகுந்த இத்தாலியில் பெசாரோ நகரத்து மருத்துவர் கைடோ லுக்கரெல்லி அவ்வழியைப் பின்பற்றிப் பல குழந்தைகளை இரத்தமேற்றும் தொல்லையினின்றும் விடுவித்தார். அரிவாளணுச் சோகையின் வரலாறு இன்னும் விந்தையானது. அந்நோயோடு லுக்கேமியாவும் வந்துற்ற ஒரு சிறுமிக்கு லுக்கேமியாவின் பொருட்டு மஜ்ஜை மாற்றினர், இரண்டும் நீங்கின. 1984-ல் வெளியான இச்செய்தியால் அரிவாளணுச் சோகையும் தீர்க்கத்தக்கதே என அறிந்தனர். நம் நாட்டில், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986-ஆம் ஆண்டில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று.

1990-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்குரிய நோபல் பரிசு தாமஸுக்கும், பாஸ்டன் நண்பராகிய ஜோசப் மரேக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தாமஸ் 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் தம் 92-ஆம் வயதில் காலமானார். உலகில் நடந்த இவ்வகைச் சிகிச்சைகளின் தொகை பத்து லட்சத்தை எட்டியதும் அவ்வாண்டின் இறுதியிலேயே.

அவருக்குப்பின் வந்தோர், பிறர் விதையைத் தேடாமல் நோயாளியின் விதையையே திருத்தி நடும் வழியைக் கண்டுள்ளனர். நோயாளியின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, பரம்பரைக் குறிப்பில் உள்ள பிழைக்கு மாற்று அமைத்து, மீண்டும் உடலினுட் செலுத்துகின்றனர். தன் அணுவே ஆதலின் ஒட்டுமஜ்ஜைப் பகைக்கு அங்கே இடமில்லை. அரிவாளணுச் சோகைக்கும் தலசீமியாவுக்கும் இத்தகைய சிகிச்சையொன்றைப் பிரிட்டன் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் அங்கீகரித்தது. அதன் விலையோ மிகப் பெரிது. அந்நோய்கள் மிகுந்த ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் எளியோர் கைக்கு எட்டுவதன்று.

இரத்தம் உறையாமையாகிய ஹீமோஃபிலியா நோய்க்கு இம்முறையையே வேலூர் மருத்துவர்கள் கையாண்டு, ஐந்து நோயாளிகளின் வரலாற்றை 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டனர். திருத்திய குருத்தணுக்கள் வேர்கொண்டபின், கண்காணித்த காலம்வரை அவ்வைவருள் எவர்க்கும் அந்நோய்க்குரிய இரத்தக்கசிவு நேரவில்லை. அங்கும் முதலில் பழைய மஜ்ஜையை மருந்தால் அகற்றி நிலத்தை வெறுமையாக்கினர். பின் அணுக்களைச் சிரையில் ஏற்றினர். பின் வெள்ளணுக்கள் தோன்றும்வரை காத்திருந்தனர்.